தலைவரின் மேசைக்கு எது போகிறது, எது போவதில்லை: அரசுத் தலைமை அலுவலகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரதமரோ முதல்வரோ அதிபரோ பதவியேற்ற மறுநாள் காலையில் அலுவலகத்துக்குள் நுழையும்போது மேசையில் சில கோப்புகள் இருக்கும். அவற்றை அங்கே வைத்தது யார்? வைக்காமல் விட்டது எவை? வைத்த பிறகு என்ன ஆகும்? அரசுத் தலைமை அலுவலகத்தைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். இங்கே 'தலைவர்' என்பது அரசை நடத்துபவர். கட்சித் தலைவர் அல்ல. நாட்டுக்கு நாடு பதவியின் பெயரும் அதிகாரமும் மாறும். வேலை அவ்வளவாக மாறுவதில்லை.

தலைவரின் அலுவலகத்தில் யார் யார் இருப்பார்கள்?

இரண்டு வகை ஆட்கள். தலைவரோடு வந்து தலைவரோடு போகிறவர்கள் ஒரு வகை: அரசியல் ஆலோசகர்கள், உரை எழுதுபவர்கள், செய்தித் தொடர்பாளர்கள், சந்திப்பு நேரங்களைப் பார்த்துக்கொள்பவர்கள். யார் ஆட்சிக்கு வந்தாலும் அதே நாற்காலியில் தொடரும் அரசு அதிகாரிகள் இன்னொரு வகை. கனடாவில் இந்தக் கோடு பளிச்சென்று தெரியும். பிரதமர் அலுவலகம் அரசியல் பக்கம், பிரிவி கவுன்சில் அலுவலகம் நிர்வாகப் பக்கம். இந்தியாவில் பிரதமர் அலுவலகமும் அமைச்சரவைச் செயலகமும் தனித்தனி அமைப்புகள். ஆனால் பிரதமர் அலுவலகத்தின் முக்கிய நாற்காலிகளிலும் பெரும்பாலும் ஆட்சிப் பணி அதிகாரிகளே உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படி ஓர் அலுவலகம் இருப்பதே நாம் நினைப்பதைவிடப் புதிய விஷயம். 1916 டிசம்பர் வரை பிரிட்டிஷ் அமைச்சரவைக் கூட்டங்களுக்கு முறையான கூட்டக் குறிப்பே கிடையாது. என்ன முடிவானது என்பதில் கூட்டத்துக்குப் போய் வந்த அமைச்சர்களுக்கே சந்தேகம் வருவதுண்டு. முதல் உலகப் போரின் நடுவில் பிரதமரான லாயிட் ஜார்ஜ், மாரிஸ் ஹாங்கி என்ற அதிகாரியின் கீழ் ஒரு செயலகம் அமைத்தார். முடிவை எழுதி, உரிய துறைக்கு அனுப்பி, நடந்ததா என்று கேட்பதுதான் அதன் வேலை. அமெரிக்காவில் இது இன்னும் தாமதம். 1937இல் பிரவுன்லோ குழு 'அதிபருக்கு உதவி தேவை' என்று எழுதிக்கொடுத்த பிறகு, 1939இல்தான் அதிபரின் நிர்வாக அலுவலகம் உருவானது.

ஒவ்வொரு துறைக்கும் அமைச்சர் இருக்கிறாரே, நடுவில் இது எதற்கு?

மக்களின் கஷ்டம் துறை பிரித்துக்கொண்டு வருவதில்லை. நியூசிலாந்தில் ருமாட்டிக் காய்ச்சல் பெரிய தலைவலியாக இருந்தது. குழந்தைகளுக்குத் தொண்டைப் புண்ணில் தொடங்கி, இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும் நோய் அது. மருந்து கொடுப்பது சுகாதாரத் துறை. ஆனால் நோய் அதிகம் பரவுவது குளிரும் ஈரமுமான வீட்டில், ஒரே அறையில் பலர் நெருக்கிப் படுக்கும் இடத்தில். வீடு வேறு துறையின் பொறுப்பு. குழந்தைகளின் தொண்டையைச் சோதிக்க வசதியான இடம் பள்ளிக்கூடம். அது மூன்றாவது துறை. நோய் குறைந்தால் பேர் சுகாதாரத் துறைக்கு, செலவு வீட்டுவசதித் துறைக்கு. எந்த அதிகாரி தன் பட்ஜெட்டை எடுத்து அடுத்த துறையின் அறிக்கையை அழகாக்குவார்?

2012இல் பிரதமர் ஜான் கீயின் அரசு பத்து இலக்குகளை அறிவித்தபோது இந்த நோயைக் குறைப்பதும் அதில் ஒன்றாக இருந்தது. ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு துறையை மட்டும் கைகாட்டாமல், பல துறைகளைக் கூட்டாகப் பொறுப்பாக்கினார்கள். ஐந்தாண்டுகளில் நோயை மூன்றில் இரண்டு பங்கு குறைப்பது என்பது கணக்கு. அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஆனாலும் குழந்தைக்கு நோய் வரும் அபாயமுள்ள வீடுகளைத் தேடிப்போய், குளிர் புகாமல் சுவரை அடைத்து, திரையும் கட்டிலும் கொடுக்கும் ஒரு சுகாதாரத் திட்டம் அந்த முயற்சியில்தான் வளர்ந்தது. கட்டில் வாங்கிக் கொடுப்பதை ஒரு சுகாதாரத் துறை தன் வேலையாக நினைத்ததே என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம்.

முன்னுரிமைகள் எங்கிருந்து வருகின்றன?

தேர்தல் வாக்குறுதியிலிருந்து என்று சொல்லிவிடலாம், பாதி உண்மை. கூட்டணி ஆட்சி என்றால் கட்சிகளுக்கிடையிலான ஒப்பந்தம் அதைவிட முக்கியம். ஜெர்மனியில் அந்த ஒப்பந்தம் நூறு பக்கங்களைத் தாண்டுவது சாதாரணம். அப்புறம் நீதிமன்றத் தீர்ப்புகள், ஏற்கெனவே கையெழுத்தான கடன்கள், பாதியில் நிற்கும் கட்டுமானங்கள், தலைவருக்கே உரிய சில பிடிவாதங்கள். பிடிவாதத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பல நல்ல திட்டங்களும் பல வீண் திட்டங்களும் அங்கிருந்துதான் வந்திருக்கின்றன.

இப்படிச் சேரும் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளும். அதை வடிகட்டும்போது 'இது முக்கியமா?' என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். நல்ல அலுவலகம் கேட்கிற கேள்வி வேறு: தலைவர் தலையிடாவிட்டால் இது நடக்குமா? ஓய்வூதியம் மாதாமாதம் போய்ச் சேருவது மிக முக்கியம். ஆனால் அதற்கென்று ஒரு துறை இருக்கிறது, அது ஓடிக்கொண்டிருக்கிறது. அது தலைவரின் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை. நான்கு துறைகள் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும் ஒரு நதிச் சீரமைப்பு, அளவில் சிறியதாக இருந்தாலும், அங்கே இருக்க வேண்டும். ஏனென்றால் அந்த நால்வருக்கும் மேலே ஒருவர்தான் இருக்கிறார்.

வடிகட்டியதை எழுத்தில் தருவது நல்ல பழக்கம். கனடாவில் பிரதமர் ஒவ்வோர் அமைச்சருக்கும் 'உன்னிடம் எதிர்பார்ப்பது இவை' என்று பணிக்கடிதம் கொடுப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2015இல் ஜஸ்டின் ட்ரூடோ பதவியேற்றபோது அந்தக் கடிதங்கள் பொதுவெளிக்கு வந்தன. அதன் பிறகு எந்த வாக்குறுதி எந்த அமைச்சர் தலையில் விழுந்தது என்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துக் கேட்க முடிந்தது.

எத்தனை முன்னுரிமைகள் வைக்கலாம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலைவர் வாரத்துக்கு அறுபது மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றம், பயணம், கட்சி வேலை, வெளிநாட்டு விருந்தினர், பாதுகாப்பு விளக்கம், திறப்பு விழா, இரங்கல், கையெழுத்து. இதெல்லாம் போக ஐந்து மணி நேரம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். மாதத்துக்கு இருபது மணி. ஒரு திட்டத்தை உருப்படியாக ஆய்வு செய்ய ஒரு மணி நேரமாவது வேண்டும்; முன்கூட்டிப் படிக்க இன்னொரு மணி. ஆக, பத்து. அதற்கு மேல் போனால் பட்டியல் இருக்கும், ஆய்வு இருக்காது.

நடைமுறையும் ஏறக்குறைய இப்படித்தான். பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரின் அரசு 2001இல், சொன்னது நடக்கிறதா என்று பார்க்க நிறைவேற்றப் பிரிவு ஒன்றைத் தொடங்கியபோது சுகாதாரம், கல்வி, குற்றத் தடுப்பு, போக்குவரத்து என்ற நான்கு களங்களோடு நின்றுகொண்டது. மலேசியாவில் பிரதமர் நஜிப் ரசாக் 2009இல் ஆறு களங்களை அறிவித்தார்; 2011இல் விலைவாசி ஏழாவதாகச் சேர்ந்தது. பட்டியல் எப்போதும் வளரத்தான் பார்க்கும். விடுபட்ட துறையின் அமைச்சர் அதை அவமானமாக எடுத்துக்கொள்வார். 'எங்கள் துறை முக்கியமில்லையா?' என்ற கேள்விக்கு முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய சங்கடமும் இந்த வேலையில் ஒரு பங்கு.

தலைவர் உத்தரவு போட்டால் நடந்துவிடாதா?

அமெரிக்க அதிபர் ட்ரூமன் தனக்கு அடுத்து வரவிருந்த ஐசன்ஹோவரை நினைத்துப் பரிதாபப்பட்டார். ராணுவத்திலிருந்து வருகிறவர், இங்கே உட்கார்ந்து 'இதைச் செய், அதைச் செய்' என்பார், ஒன்றும் நடக்காது என்று. உத்தரவு துறைக்குப் போகும். துறை அதை நிதித் துறையின் இசைவுக்கு அனுப்பும். நிதித் துறை இரண்டு விளக்கம் கேட்கும். சட்டத் துறை ஒரு விதியைச் சுட்டும். யாரும் மறுக்கவில்லை, யாரும் வேண்டுமென்று தடுக்கவில்லை; ஆறு மாதம் போயிருக்கும்.

ஒரு நாளில் எது தலைவரின் மேசைக்கு வர வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

முதன்மைச் செயலரோ தலைமைப் பணியாளரோ, அவருக்குக் கீழே ஒரு சிறிய குழுவோ. வெளியே அதிகம் தெரியாத, உள்ளே எல்லோரும் பயப்படுகிற இடம் இது.

துறையிலிருந்து வரும் கருத்துரு நாற்பது பக்கம் இருக்கும். தலைவர் படிப்பது அதன் மேலே வைக்கப்படும் ஒன்றரைப் பக்கக் குறிப்பை. என்ன கேட்கிறார்கள், யார் எதிர்க்கிறார்கள், எவ்வளவு செலவு, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று அதில் இருக்கும். அதை எழுதுபவர் ஒரு வாய்ப்பைச் சொல்லாமல் விட்டால், தலைவரைப் பொறுத்தவரை அந்த வாய்ப்பே இல்லை. அதனால் ஒழுங்கான அலுவலகங்களில் ஒரு விதி உண்டு: குறிப்பு எழுதுபவர் தன் கருத்தைச் சொல்லலாம், ஆனால் எதிர்க்கும் துறையின் வாதத்தை அந்தத் துறை தன் வாயாலேயே சொல்வதுபோல் எழுத வேண்டும். எழுதியதை அந்தத் துறையிடம் காட்டவும் வேண்டும். இந்த விதி தளர்ந்த இடங்களில் 'எங்கள் பக்கத்தை மேலே சரியாகச் சொல்லவில்லை' என்ற புகார் ஓயாது.

திருப்பி அனுப்புவதும் ஒரு கலை. துறைச் செயலரே முடிவெடுக்கக்கூடிய விஷயத்தைப் பாதுகாப்புக்காக மேலே தள்ளிவிடுவார்கள். அதை வாங்கிக்கொண்டால் அடுத்த மாதம் அதுபோல இருபது வரும்.

இரண்டு துறைகள் மோதிக்கொண்டால்?

இந்த அலுவலகத்தின் அன்றாடச் சோறு அதுதான். சாலை போட ஒரு துறை, மரத்தை வெட்டக் கூடாதென்று இன்னொரு துறை. இரண்டும் சட்டப்படி சரி. எந்த நாடும் இப்படிப்பட்ட சண்டை நேராகத் தலைவரிடம் வருவதை விரும்புவதில்லை. கீழே எங்கேயாவது தீர்த்துவிடத்தான் ஏற்பாடு.

ஜெர்மனியின் பிரதமர் அலுவலகத்தில் ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் ஒரு பிரதிபலிப்புப் பிரிவு இருக்கிறது. சுகாதார அமைச்சகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதே ஒரு சிறு குழுவின் வேலை. அமைச்சரவை புதன்கிழமை கூடும். அதற்கு முன் திங்கள்கிழமை அமைச்சகங்களின் செயலர்கள் கூடி, ஒத்துப்போனவற்றையும் ஒத்துப்போகாதவற்றையும் பிரித்துவிடுவார்கள். புதன்கிழமை பெரும்பாலானவை சர்ச்சையின்றிக் கடந்து போவதற்குக் காரணம் திங்கள்கிழமைதான்.

பிரான்சில் கொஞ்சம் கறாராகச் செய்வார்கள். மோதும் அமைச்சகங்களின் பிரதிநிதிகளைப் பிரதமரின் ஆலோசகர் ஒரு மேசையில் உட்கார வைப்பார். இரு தரப்பும் பேசி முடித்ததும் அவர் ஒரு முடிவைச் சொல்வார். அது நீலத் தாளில் பதிவாகும், பேரே 'நீலம்'தான். நீலம் வந்துவிட்டால் எல்லா அமைச்சகங்களையும் அது கட்டுப்படுத்தும். பிடிக்காத அமைச்சர் பிரதமரிடம் போகலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் போக முடியாது, முகம் தேய்ந்துவிடும்.

அமைச்சர்கள் குழு அமைப்பது இன்னொரு வழி. குழு முடிவெடுக்கிற இடமாகவும் இருக்கலாம், முடிவைத் தள்ளிப்போடுகிற இடமாகவும் ஆகலாம். இந்தியாவில் 2014 மே மாதம் நரேந்திர மோடி அரசு பதவியேற்ற சில நாட்களில், முந்தைய ஆட்சியிலிருந்து வந்த 21 அமைச்சர்கள் குழுக்களையும் அதிகாரமளிக்கப்பட்ட 9 குழுக்களையும் கலைத்தது. விஷயம் அமைச்சகங்களிலேயே தீரட்டும், தீராவிட்டால் அமைச்சரவைச் செயலகமும் பிரதமர் அலுவலகமும் பார்க்கும் என்பது அப்போது சொன்ன காரணம். வேகம் கூடும் என்றார்கள் சிலர். எல்லாம் ஓரிடத்தில் குவியும் என்றார்கள் வேறு சிலர். இரண்டும் சேர்ந்தே நடக்கக்கூடியவை.

இதில் நிதித் துறைக்கு என்ன இடம்?

பட்ஜெட்டில் வராத முன்னுரிமை வெறும் பேச்சு. அமெரிக்காவில் பட்ஜெட் அலுவலகம் 1921இல் கருவூலத்துக்குள் தொடங்கப்பட்டது. 1939இல் அதை அப்படியே பெயர்த்து அதிபரின் நிர்வாக அலுவலகத்துக்குள் வைத்தார்கள். 1970இல் மேலாண்மை மற்றும் பட்ஜெட் அலுவலகம் என்று பெயர் மாறியது. இன்றும் ஒரு துறை நாடாளுமன்றத்துக்கு மசோதா வரைவு அனுப்ப வேண்டும் என்றால், அது அதிபரின் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் அங்கேதான் பார்க்கப்படும். பல நாடுகளில் நிதி அமைச்சர் தனி அதிகார மையம். அவருக்கும் தலைவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனால் துறைகள் எல்லாம் இரண்டு எஜமானர்களிடம் மாட்டிக்கொள்ளும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை: அறிவித்த தொகையைப் பார்க்காதீர்கள். அடுத்த ஆண்டு வரும் திருத்திய மதிப்பீட்டைப் பாருங்கள். எந்தத் திட்டத்திலிருந்து பணத்தை எடுத்து எதற்குக் கொடுத்தார்கள் என்பது அங்கே தெரியும்.

திட்டம் நடக்கிறதா என்று எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

ஆய்வுக் கூட்டம் நடத்தாத தலைவர் உலகில் இல்லை. கூட்டம் நடத்திப் பயன் பெற்றவர்கள் குறைவு.

பயன் தந்த முறைகளில் ஒன்றை பிளேரின் நிறைவேற்றப் பிரிவில் பார்க்கலாம். மைக்கேல் பார்பர் தலைமையில் சுமார் நாற்பது பேர். பெரிய படை இல்லை. வேண்டுமென்றே சிறிதாக வைத்தார்கள். ஒவ்வோர் இலக்குக்கும், எந்த மாதத்தில் எண் எங்கே இருக்க வேண்டும் என்று முதலிலேயே ஒரு பாதை வரைந்தார்கள். பிரதமர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமைச்சரோடு உட்காருவார். எல்லோர் முன்னாலும் ஒரே வரைபடம். முதல் பத்து நிமிடம் யாருடைய புள்ளிவிவரம் சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. நிலையைக் காட்ட மூன்று நிறத்துக்குப் பதில் நான்கு வைத்திருந்தார்கள்: பச்சை, பச்சைப் பக்கம் சாய்ந்த மஞ்சள், சிவப்புப் பக்கம் சாய்ந்த மஞ்சள், சிவப்பு. சாதாரண மஞ்சள் ஒன்று நடுவில் இருந்தால் பாதித் துறைகள் அதில் போய் ஒளிந்துகொள்ளும். டாஷ்போர்டு செய்கிறவர்கள் இதைக் காப்பியடிக்கலாம்.

நகர அளவில் அமெரிக்காவின் பால்டிமோர் மேயர் மார்ட்டின் ஓமாலி 2000ஆம் ஆண்டு தொடங்கிய சிட்டிஸ்டாட் என்ற ஆய்வுக் கூட்ட முறை பிரபலம். நியூயார்க் காவல் துறை 1994இல் தொடங்கிய முறையிலிருந்து கற்றுக்கொண்டது அது. ஒவ்வொரு துறைத் தலைவரும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து நிற்க வேண்டும். தொடக்கத்தில் அவர்கள் கைவைத்தது மிகைநேரச் சம்பளம், வேலைக்கு வராத நாட்கள் போன்ற சலிப்பான விஷயங்களில். அந்தச் சலிப்பான விஷயங்களில்தான் பணம் ஒழுகிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் 2015 மார்ச்சில் தொடங்கிய 'பிரகதி' வேறு வகை. பிரதமர் காணொளியில் மத்தியச் செயலர்களையும் மாநிலத் தலைமைச் செயலர்களையும் ஒரே நேரத்தில் சந்திக்கிறார். தடைபட்ட ரயில் பாதை, நெடுஞ்சாலை, மின் திட்டம் போன்றவை வரிசையாக வரும். நிலம் கையகப்படுத்துவது மாநிலத்திடம், வன அனுமதி வேறோர் அமைச்சகத்திடம் என்று சிக்கிக் கிடப்பவை. உண்மையில் அந்தக் கூட்டத்தைவிட, கூட்டத்துக்கு முந்தைய நாட்கள்தான் வேலை செய்கின்றன. பட்டியலில் தன் திட்டத்தின் பேர் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அதிகாரிகள் போனை எடுப்பார்கள்.

எனக்குப் பிடித்த அளவுகோல் ஒன்று உண்டு: போன கூட்டத்தில் எடுத்த முடிவுகளைப் படிப்பதோடு இந்தக் கூட்டம் தொடங்குகிறதா? தொடங்கவில்லை என்றால் அது ஆய்வு இல்லை, உரை.

இலக்கு வைத்தால் எண்ணைத் திரிக்க மாட்டார்களா?

திரிப்பார்கள். இங்கிலாந்தில் அவசர சிகிச்சைக்கு வருபவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும், அல்லது படுக்கை தர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2000இல் அறிவித்தது, 2004 இறுதிக்குள் எட்ட வேண்டும். நீண்ட காத்திருப்பு உண்மையாகவே வெகுவாகக் குறைந்தது. அதை மறுக்க முடியாது. கூடவே, தரவை வரைந்து பார்த்தபோது நான்கு மணி நேரம் முடிவதற்குச் சற்று முந்தைய நிமிடங்களில் ஒரு மேடு தெரிந்தது. அதுவரை உட்கார வைத்திருந்தவரை, கடிகாரத்துக்குப் பயந்து கடைசி நேரத்தில் வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். சில இடங்களில் நோயாளியை ஆம்புலன்ஸிலேயே வைத்திருந்ததாகவும் புகார் வந்தது. உள்ளே வந்தால்தானே கடிகாரம் ஓடும்.

இதற்கு முழு மருந்து இல்லை. எண்ணைத் தருபவரும் எண்ணால் மதிப்பிடப்படுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. முன்னறிவிப்பின்றி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஓர் எண்ணோடு அதைச் சமன்படுத்தும் இன்னோர் எண்ணையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எத்தனை பேரை நான்கு மணி நேரத்துக்குள் அனுப்பினீர்கள் என்பதோடு, அவர்களில் எத்தனை பேர் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள் என்றும்.

நெருக்கடி வந்தால் இந்தப் பட்டியல் எல்லாம் என்ன ஆகும்?

ஓரம் கட்டப்படும். வெள்ளம், கொள்ளைநோய், தாக்குதல் எதுவானாலும் தலைவரின் நேரம் முழுவதும் அங்கே போய்விடும். லண்டனில் அமைச்சரவை அலுவலகத்தின் ஒரு கூட்ட அறையில் எல்லாத் துறைகளும் கூடும். அறையின் பெயர்ச் சுருக்கத்தை வைத்துச் செய்தித்தாள்கள் 'கோப்ரா' என்று எழுதும். பேரைக் கேட்டுப் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம்: மேசை, திரைகள், நிறைய பேர். அதன் பலம், ஒரே நேரத்தில் ஒரே தகவல் எல்லோருக்கும் கிடைப்பது.

தகவல் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய விசாரணை ஆணையம் 2004இல் தந்த அறிக்கை சாட்சி. கடத்தல்காரர்களில் இருவரைப் பற்றி வெளிநாட்டு உளவு அமைப்பான சிஐஏவுக்கு 2000ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தெரியும். உள்நாட்டில் தேட வேண்டிய எஃப்பிஐக்கு அது உரிய நேரத்தில் போகவில்லை. கண்காணிப்புப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியபோது 2001 ஆகஸ்ட் மாதக் கடைசி வாரம் நெருங்கியிருந்தது.

நெருக்கடிக் குழுவும் முன்னுரிமைக் குழுவும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், வெள்ளம் வடிவதற்குள் பள்ளிக்கூடத் திட்டம் தூங்கிப்போகாது. சிறிய அரசுகளுக்கு இந்த வசதி இருப்பதில்லை. அதே ஐந்து பேர்தான் இரண்டையும் பார்ப்பார்கள்.

நான் தலைவருக்கு அனுப்பும் மனு அவர் கைக்குப் போகுமா?

அநேகமாகப் போகாது. பராக் ஒபாமா நாளொன்றுக்குப் பத்துக் கடிதங்கள் படிப்பதைப் பழக்கமாக வைத்திருந்தார். ஆயிரக்கணக்கில் வருபவற்றிலிருந்து ஊழியர்கள் பொறுக்கித் தந்தவை அவை. மற்றவை எங்கும் நடப்பதுபோலத்தான்: பிரித்து, எண் போட்டு, உரிய துறைக்கு அனுப்புவார்கள். அந்தத் துறை கீழே அனுப்பும். கீழே போய்ச் சேரும் இடம் சில சமயம் நீங்கள் யாரைப் பற்றிப் புகார் சொன்னீர்களோ அதே மேசையாக இருக்கும். அவர் 'விதிப்படி நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதுவார், கணினியில் மனு 'தீர்வு காணப்பட்டது' என்று பச்சையாகிவிடும்.

இதை உடைக்கத் தெரிந்த அலுவலகங்கள் இரண்டு காரியம் செய்கின்றன. தீர்ந்ததாகச் சொல்லும் மனுக்களில் சிலவற்றை எடுத்து, மனு போட்டவருக்கே போன் செய்து 'தீர்ந்ததா?' என்று கேட்கின்றன. அப்புறம், மனுக்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் பார்க்கின்றன. ஒரு வட்டாரத்திலிருந்து மட்டும் ஒரே சான்றிதழ் கிடைக்கவில்லை என்று எழுபது மனு வந்தால், எழுபது பேருக்கும் சான்றிதழ் கொடுப்பது பாதி வேலை. அந்த வட்டார அலுவலகத்தில் என்ன கோளாறு என்று பார்ப்பது மீதி. தலைவரிடம் போக வேண்டியது அந்த எழுபது மனு இல்லை, இந்தக் கோளாறு பற்றிய ஒரு பத்தி.

மனு எழுதுகிறவர்களுக்கு: ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. தேதி, ஏற்கெனவே யாரிடம் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது. ஐந்து கோரிக்கை உள்ள மனு ஐந்து துறைகளுக்குள் அலையும்.

எல்லா அதிகாரமும் ஓர் அலுவலகத்தில் குவிவது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். அமைச்சரைக் கேட்டால் 'மேலே பார்க்கிறார்கள்' என்பார். மேலே இருக்கும் ஆலோசகர் எந்த அவையிலும் எழுந்து பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. முடிவு ஒருவருடையது, பொறுப்பு இன்னொருவருடையது. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 65ஆவது பிரிவில் இதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறது: கொள்கையின் திசையைப் பிரதமர் தீர்மானிப்பார், அந்தத் திசைக்குள் ஒவ்வோர் அமைச்சரும் தன் துறையைத் தன் பொறுப்பில் நடத்துவார், அமைச்சர்களுக்குள் கருத்து வேறுபட்டால் அமைச்சரவை முடிவு செய்யும். ஏட்டில் இருப்பது போலவே எப்போதும் நடக்கும் என்றில்லை, ஆனாலும் வேலி வேலிதான்.

குவிந்துவிட்டதற்கு எளிய அடையாளம், துறைச் செயலர்கள் முடிவெடுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. தலைவர் ஒரு வாரம் வெளியூர் போனால் அரசே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஆட்சி மாறினால் இந்த ஏற்பாடுகள் தொடருமா?

பெரும்பாலும் இல்லை. பிளேர் காலத்து நிறைவேற்றப் பிரிவை 2010இல் வந்த கூட்டணி அரசு மூடியது. ஓரிரு ஆண்டுகளிலேயே வேறு பெயரில் அதுபோல ஒன்று தேவைப்பட்டது. 2021இல் மீண்டும் 'நிறைவேற்றப் பிரிவு' என்ற பெயரே திரும்பி வந்தது. மலேசியாவில் நஜிப்பின் களங்களைக் கண்காணித்த பெமாண்டு என்ற பிரிவு, அவர் பதவியில் இருந்தபோதே, 2017இல் அரசு அமைப்பாக முடிவுக்கு வந்தது. தலைவரின் தனி நம்பிக்கையில் பிறந்த அமைப்பு அவரோடு போவதில் ஆச்சரியமில்லை. தங்குவது பழக்கங்கள்: கூட்டக் குறிப்பு எழுதும் முறை, திங்கள்கிழமைக் கூட்டம், நீலத் தாள்.

கோப்புகள் விஷயம் விசித்திரமானது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிபரின் ஆவணங்கள் அரசுக்குச் சொந்தம். அவர் போகும் நாளில் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், புதியவர் ஏறக்குறைய வெறும் அலமாரியோடு தொடங்குவார். பிரிட்டனில் அதிகாரிகள் மாறுவதில்லை. தேர்தல் நடக்கும்போதே ஒவ்வொரு கட்சியின் வாக்குறுதிக்கும் ஏற்றபடி தனித்தனி விளக்கக் கோப்பு தயாராகும். வென்றவருக்குரியது முதல் நாள் மேசைக்குப் போகும், மற்றது போகாது. ஆனால் வேறு கட்சியைச் சேர்ந்த முந்தைய அமைச்சர்களுக்குத் தந்த ஆலோசனையைப் புதியவர்களிடம் காட்டக் கூடாது என்பது அங்கே மரபு. புதிய அமைச்சர் 'இதே யோசனையைப் போன ஆட்சி ஏன் கைவிட்டது?' என்று கேட்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குக் காரணம் தெரியும். போன வருடம் அந்தக் குறிப்பை எழுதியதே அவராக இருக்கலாம். அதை எடுத்துக் காட்ட மட்டும் அவரால் முடியாது. புதிதாக ஒரு குறிப்பு எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போவார்.